நகர எல்லைவரை மட்டும்

அந்தக் கட்டம் பச்சையாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் நகரத்துக்கு அடுத்த இருபது வருடத்தில் நாற்பதாயிரம் வீடுகள் வேண்டும். எங்கே கட்டுவது என்று முடிவெடுக்கும் முன்னால், ஒவ்வொரு வழியும் தண்ணீரை, காற்றை, மரங்களை, போக்குவரத்தை என்ன செய்யும் என்று ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட வேண்டும். சட்டம் அப்படி. அந்த அட்டவணையைப் போடுவது என் வேலை. நகரத் திட்ட அலுவலகத்தில் பதினான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன். குறுக்கே மாற்று வழிகள், நெடுக்கே தாக்கங்கள். கெடுதல் குறைவென்றால் பச்சை, நடுத்தரம் என்றால் மஞ்சள், அதிகம் என்றால் சிவப்பு. நகர மன்றத்தில் யாரும் அறுநூறு பக்க அறிக்கையைப் படிக்கப் போவதில்லை. நிறத்தைப் பார்த்துக் கை தூக்குவார்கள்.

இந்த முறை மூன்று மாற்றுகள். முதலாவது, எதுவும் செய்யாமல் இருப்பது. எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு திட்டம்தான் என்பதை இந்த அலுவலகத்தில்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் பிரிவுத் தலைவர் அதில் கைதேர்ந்தவர். இரண்டாவது, பேருந்துத் தடத்தை ஒட்டியிருக்கும் தோட்டத் தெருக்களில் ஆறு மாடி, எட்டு மாடி என்று உயர்த்திக் கட்டுவது. மூன்றாவது, நகரத்தின் கிழக்கு ஓரத்தில், கால்வாயை ஒட்டிக் கோரை மண்டிக் கிடக்கும் தாழ்நிலத்தில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டி நிரப்பி, அதன்மேல் கட்டுவது.

பச்சையாக இருந்தது மூன்றாவது மாற்றின் தண்ணீர்க் கட்டம்.

மழைக்காலத்தில் அந்தத் தாழ்நிலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். நகரத்தில் பெய்கிற மழையில் பாதி அங்கே வந்து நின்று, பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்வாயில் இறங்கும். அதை மூடினால் அவ்வளவு தண்ணீரும் எங்கே போகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்கும். நான் தண்ணீர்க் கணக்குப் போடும் பொறியாளரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், ஒரு தசமத்தைக்கூடத் தப்பாகப் போடாதவர். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அது வெளியே போய்விடும் என்றார்.

“வெளியேன்னா எங்கே?”

“மாடலுக்கு வெளியே.”

திரையை என் பக்கம் திருப்பினார். இக்கரை முழுவதும் தெருத் தெருவாக, வீடு வீடாக, ஒவ்வொன்றின் தரைமட்டத்தோடு விரிந்து கிடந்தது. கால்வாயின் நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டோடு எல்லாம் நின்றுபோனது. அதற்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. அந்தக் கோடுதான் எங்கள் நகரத்தின் எல்லை. அக்கரை வேறு நகராட்சி. அந்த வெள்ளைக்குள்தான், கால்வாயிலிருந்து மூன்றாவது வீட்டில், என் அக்கா குடியிருக்கிறாள்.

நேராகப் பிரிவுத் தலைவர் அறைக்குப் போனேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மிதம். எந்தத் தாக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும் ‘மிதமானதுன்னு போட்டுடுங்க’ என்பார். போன வருடம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, வலி எப்படி இருக்கிறது என்று கேட்ட டாக்டரிடமும் மிதமாக இருக்கிறது என்றுதான் சொன்னாராம். நான் பொரிந்து தள்ளியதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து எங்கள் வழிமுறைக் கையேட்டை எடுத்தார். முப்பத்தோராம் பக்கத்தை அவர் தேடக்கூட இல்லை, அடையாளத்துக்கு அட்டை வைத்திருந்தார்.

“‘தாக்கங்கள் நகர எல்லைவரை மட்டுமே கணக்கில் கொள்ளப்படும்.’ இது யார் எழுதினதும்மா?”

“நான்தான் சார்.”

எழுதியது நான்தான். பதினோரு வருடம் முன்பு. அப்போது ஓர் அறிக்கைக்கு அக்கரையின் தரைமட்டக் கணக்கு தேவைப்பட்டது. அந்த நகராட்சிக்கு மூன்று கடிதம் போட்டோம், பதில் வரவில்லை. கெடு நெருங்கியது. ஏதாவது எழுதி முடித்துவிடு என்று மிதம் சொன்னார். நான் இந்த ஒரு வரியை எழுதினேன். பிரச்சினை கத்தரித்ததுபோல் முடிந்தது. ரொம்பக் கச்சிதமாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த அறிக்கையில் அதை அப்படியே எடுத்துப் போட்டார்கள், பிறகு கையேட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். அன்று முதல் இன்று வரை ஒரு எழுத்துகூட மாறவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பல வருடம் எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

மிதம் கையேட்டின் கடைசிப் பக்கத்தையும் புரட்டிக் காட்டினார். ஒரு வழிமுறையை எழுதியவரே அது தவறென்று மன்றத்தில் பதிவு செய்தால் ஒப்பீடு முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது.

“இதுவரைக்கும் ஒருத்தரும் செஞ்சதில்லை,” என்றார். “யாரும்மா தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்குவாங்க?”

நான் அட்டவணையின் அடியில் ‘எல்லைக்கு அப்பால்’ என்று ஒரு வரிசை சேர்த்தேன். மறுநாள் காலை அது இல்லை. மறுபடி சேர்த்தேன். மறுபடி இல்லை. மூன்றாவது முறை கோப்பைத் திறக்கவே முடியவில்லை, மிதம் பூட்டு போட்டுவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் எனக்கு வயிற்றெரிச்சல் தீராது. இரண்டாவது மாற்றை எதிர்த்துத் தோட்டத் தெருக்காரர்கள் ஆயிரத்து நானூறு கடிதம் அனுப்பியிருந்தார்கள். உயரமான கட்டடம் வந்தால் தங்கள் தோட்டத்தில் நிழல் விழுமாம். உடனே நிழலுக்கென்று தனி வரிசை போட்டோம். எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு, யார் வீட்டுப் புல்தரையில், எத்தனை அடிக்கு நிழல் நீளும் என்று பதினான்கு பக்கம். அதற்குச் சிவப்பு. நிழல் விழுந்தால் செடி வாடுமோ என்னவோ, வீட்டுக்குள் இருப்பவர்கள் கட்டில்மேல் ஏறி நிற்க வேண்டியதில்லை. வீடு கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாற்பதாயிரம் குடும்பமும் எங்கேயாவது குடியிருந்தாக வேண்டும். பேருந்தும் குழாயும் சாக்கடையும் ஏற்கெனவே இருக்கும் தெருவில் மாடி ஏற்றுவதைவிட, தண்ணீர் நிற்கும் இடத்தை மூடுவது நல்லது என்று என் கையாலேயே அட்டவணை போட்டுக் கொடுக்கச் சொல்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறாள். அவள் வீட்டில் எல்லாமே கல்மேல்தான் நிற்கும். குளிர்பெட்டி கல்மேல், பீரோ கல்மேல், தையல் இயந்திரம் மேசைமேல், அந்த மேசை கல்மேல். அவளே அதைக் கேலி செய்வாள். என் வீட்டில் தரையில் நிற்பது உன் அத்தான் ஒருவர்தான், அவரையும் தூக்கி வைக்கக் கல் கிடைக்கவில்லை என்பாள். அத்தான் அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்.

எப்போதும் அப்படி இல்லை. குடிவந்து முதல் எட்டு வருடம் அந்த வீட்டு வாசற்படிகூட நனைந்ததில்லை. பிறகு தாழ்நிலத்தின் ஒரு மூலையை மட்டும் நிரப்பிப் பேருந்துப் பணிமனை கட்டினார்கள். அதற்கப்புறம் இரண்டு முறை வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது முறை, தைத்து அடுக்கியிருந்த நூற்றிருபது சட்டைகள் சேற்றோடு போயின. தண்ணீர் நின்ற அளவு சுவரில் இரண்டு கோடுகளாக இருக்கிறது. அக்கா அந்தக் கோடுகளுக்கு மேலேதான் சுண்ணாம்பு அடிப்பாள். கீழே அடிக்க மாட்டாள். யாராவது வந்து கேட்டால் காட்ட வேண்டாமா என்பாள். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.

இரண்டு முறையும் நான்தான் போய் வாளியால் இறைத்தேன். இரண்டு முறையும் இந்த வருடம் மழை ஜாஸ்தி அக்கா என்று சொன்னேன்.

அன்று அவளுக்கு மூன்றாவது மாற்றைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. பத்திரிகையில் வந்திருந்ததை வெட்டி வைத்திருந்தாள். வியாழக்கிழமை இதற்காக நகர மன்றத்தில் நடக்கும் பொதுக்கூட்டத்துக்கு வரப் போகிறாளாம். தெருவில் எல்லோரிடமும் என் தங்கை அந்த ஆபீஸில்தான் இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லியிருக்கிறாள். நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். தண்ணீர்க் கட்டம் ஏன் பச்சை என்று கேட்டாள். எல்லையோடு கணக்கு நின்றுவிடும், அப்படி ஒரு விதி இருக்கிறது என்றேன்.

“எந்தப் புண்ணியவான் எழுதினான் அதை?”

“யாரோ பழைய ஆளுங்கக்கா.”

“அவன் வீட்டுல ஒரு நாள் தண்ணி வரணும். அப்பத் தெரியும்.”

நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் மிதத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன். பொறியாளரைத் திட்டினேன், தோட்டத் தெருக்காரர்களை ஒருவர் விடாமல் திட்டினேன். வீடு வந்து சேர்ந்தபோது திட்டுவதற்கு வேறு ஆள் மிச்சமில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். அரங்கத்தின் வாசலில் ஒரு குமாஸ்தா, பேச விரும்புகிறவர்களுக்குச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். பெயர், முகவரி எழுதித் தர வேண்டும். அக்கா நல்ல புடவை கட்டி, கையில் பையோடு வந்திருந்தாள். பைக்குள் சேற்றுக்கறையோடு ஒரு சீருடைச் சட்டை. எழுதிக் கொடுத்த சீட்டைக் குமாஸ்தா படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். நகரத்துக்கு வெளியே குடியிருப்பவர்கள் உட்கார்ந்து கேட்கலாம், பேச முடியாது என்றார்.

“நாங்க இங்க வந்து பேசக் கூடாது. உங்க தண்ணி மட்டும் அங்க வரலாமா?” என்று அக்கா கேட்டாள்.

குமாஸ்தா அடுத்தவருக்குச் சீட்டு நீட்டினார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அதிகாரிகள் மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் மூன்றாவது வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தோட்டத் தெருக்காரர்கள் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். ஒருவர் தன் ரோஜாக்களின் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். மாலை மூன்றிலிருந்து நாலரை வரை அவற்றுக்கு வெயில் கட்டாயம் வேண்டும் என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. உறுப்பினர்கள் உச்சுக்கொட்டினார்கள். அதன்பின் நான் எழுந்து அட்டவணையை வாசித்தேன். நகர மன்றத் திட்டக் குழுவின் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, அப்படியானால் மூன்றாவது மாற்றில்தான் பாதிப்பு குறைவு, அப்படித்தானே என்று கேட்டார். மிதம் தலையாட்டினார்.

“அட்டவணை போட்டவங்க உறுதிப்படுத்தணும்,” என்றார் தலைவி. “ஒரு வார்த்தை சொல்லிடுங்க, முடிச்சிடலாம்.”

“உறுதிப்படுத்த முடியாதுங்க.”

மிதம் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறைதான். நான் தண்ணீர்க் கட்டத்தைக் காட்டினேன். தண்ணீர் வராது என்பதால் அது பச்சையாக இல்லை, தண்ணீர் போகும் இடத்தை நாங்கள் பார்க்கவே இல்லை என்பதால்தான் பச்சை என்றேன். பணிமனைக்கும் இப்படித்தான் பச்சை கொடுத்தோம், அதற்கப்புறம் அக்கரையில் இரண்டு முறை வெள்ளம் வந்திருக்கிறது என்றேன். இதற்கெல்லாம் காரணம் கையேட்டில் எழுதப்பட்டிருக்கும் ஒரு வரி என்றேன். எழுதப்பட்டிருக்கும் என்றுதான் சொன்னேன். அந்த இடத்திலும் நழுவத்தான் பார்த்தேன்.

தலைவி விடவில்லை. “யார் எழுதினது?”

சொல்லாமல் உட்கார்ந்தால் அட்டவணை நிறைவேறும், தாழ்நிலம் போகும், அக்கா வீடு போகும். சொன்னால் வீடு தப்பிக்கும். அக்கா எனக்கு இருப்பாளா என்று தெரியாது. மூன்றாவது வரிசைப் பக்கம் பார்க்கத் துணிவில்லை. அவள் மடியில் இருந்த பையை மட்டும் பார்த்தேன்.

“நான்தான் எழுதினேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. அது தப்பு. பதிவு பண்ணிக்கோங்க.”

பதிவு செய்துகொண்டார்கள். மிதம் கையேட்டை மூடினார். ஒப்பீட்டை மறுபடி செய்ய நான்கு மாதம் கொடுத்து, குழு அடுத்த விஷயத்துக்குப் போனது. அடுத்த விஷயம் நாய்களுக்கான பூங்கா.

அக்கா வெளியே படிக்கட்டில் நின்றாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ரெண்டு தடவையும் நீதானே வந்து தண்ணி இறைச்சே?”

“ஆமாக்கா.”

“மழை ஜாஸ்தின்னு சொன்னே. தெரிஞ்சேதான் சொன்னியா?”

“பாதி தெரியும்.”

“மீதிப் பாதியைத் தெரிஞ்சுக்கவே வேண்டாம்னு இருந்துட்டே.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “என் வீட்டுக்கு வராதே.”

பேருந்து நிறுத்தம் எதிரிலேயே இருந்தது. அவள் அங்கே நிற்காமல் அடுத்த நிறுத்தம் வரைக்கும் நடந்தே போனாள். நான் பின்னால் போகவில்லை.

வேலையிலிருந்து என்னைத் தூக்கவில்லை. தூக்கினால் நான்கு மாதத்தில் ஒப்பீட்டை முடிக்க வேறு ஆள் இல்லை. மிதம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதை ஒரு தண்டனையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வேலையாக அக்கரையின் தரைமட்டக் கணக்கு வேண்டும். கடிதம் அடித்து வைத்தார்கள். நான் அதைத் தபாலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். அந்த நகராட்சியின் அலுவலகத்துக்குப் பாலத்திலிருந்து ஏழு நிமிட நடை. கதவுக்குப் பக்கத்து மேசையில் ஒரு பெண் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய், கட்டிய கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து, தூசி தட்டி என் கையில் வைத்தார். இதை ஒருவரும் கேட்டதே இல்லையே என்றார். பழைய கடிதங்களைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பிரிவு கட்டடம் மாறிப் பதினான்கு வருடமாகிறது, தபால் வேறெங்கோ போயிருக்கும் என்றார். மூன்று கடிதம் போட்ட எங்களில் ஒருவருக்கும் அந்த ஏழு நிமிடம் நடக்கத் தோன்றவில்லை. நான் பாலத்தின் நடுவில் நின்று கைப்பிடிக் கம்பியை ஓங்கிக் குத்தினேன். கை வீங்கியதுதான் மிச்சம்.

கோப்பில் தரைமட்டம் இருந்தது, ஆனால் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பது இல்லை. அதை வீடு வீடாகப் போய் அளந்துதான் எடுக்க வேண்டும். அளவு எடுக்க ஒரு சர்வேயரை அனுப்பினார்கள், எழுதிக்கொள்ள நான். மூன்று வாரமாக அக்கா என் போனை எடுக்கவில்லை. முதல் வீட்டை முடித்தோம், இரண்டாவது வீட்டை முடித்தோம். மூன்றாவது வீட்டில் சர்வேயர்தான் கதவைத் தட்டினார். அக்கா திறந்தாள். தோளில் அளவு நாடா தொங்கியது. சர்வேயர் வந்த காரியத்தைச் சொன்னதும் விலகி வழி விட்டாள்.

“நீங்க உள்ள வாங்க,” என்றாள் அவரிடம். என்னைப் பார்க்கவில்லை.

நான் தெருவில் நின்றேன். வெயில் சுள்ளென்று அடித்தது. ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே கற்களின்மேல் நிற்கும் பீரோவின் கால்கள் தெரிந்தன. சர்வேயர் சுவரோரம் குந்தி, அளவுகோலை வைத்து, அறுபத்தொரு சென்டிமீட்டர் என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். நான் பேனாவைத் திறந்தேன்.

“அது முதல் தடவை வந்தது,” என்றது அக்காவின் குரல். “அதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு பாருங்க, வெளிறிப் போயிருக்கும். எழுபத்தெட்டு.”

சர்வேயர் மறுபடி அளந்தார். எழுபத்தெட்டேதான் என்றார்.

“அவகிட்ட சொல்லுங்க,” என்றாள் அக்கா. “இந்தத் தடவையாவது விடாம எழுதச் சொல்லுங்க.”

சர்வேயர் ஜன்னலுக்கு வந்து, எல்லாம் என் காதில் விழுந்தது தெரியாமல், ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார். எழுபத்தெட்டு என்று எழுதினேன். உள்ளே தையல் இயந்திரம் ஓட ஆரம்பித்தது.